தசை எப்படி இழுக்கிறது, எப்படி விடுகிறது?

சுருங்கும்போது தசைக்குள் இருக்கும் இழைகளே குட்டையாகிவிடுமா சார்?

இல்லை. 1954-இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதின: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம். (இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் அல்ல.) இரு குழுக்களும் சொன்னது ஒன்றுதான்: இழைகளின் நீளம் மாறுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. தடித்த மயோசின் இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள் மெல்லிய ஆக்டின் இழையைப் பற்றி, மடங்கி இழுத்து, விட்டு, சற்றுத் தள்ளி மறுபடி பற்றுகின்றன. கிணற்றில் கைமாற்றிக் கைமாற்றிக் கயிறு இழுப்பது போலத்தான். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் விடாததால் இழுத்தது நழுவிப் போவதில்லை.

இழு என்று தசைக்கு யார் சொல்வது?

நரம்பு. அதன் முனையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கும்; தசைச் செல் முழுக்க மின் அலை பரவும்; செல்லுக்குள் பைகளில் சேமித்து வைத்திருக்கும் கால்சியம் பையை விட்டு வெளியே வரும். அது ஆக்டின் இழையில் இருக்கும் ட்ரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்டியதும், ஆக்டினை மறைத்துக்கொண்டிருந்த இன்னொரு புரதம் விலகி மயோசின் தலைகளுக்கு வழிவிடும்.

அப்படியானால் தளர்வது என்பது சும்மா இருப்பதுதானே?

நல்ல கேள்வி. அதற்கும் செலவு உண்டு. நரம்பு நிறுத்தியதும் அசிடைல்கோலினை ஒரு நொதி சிதைத்துவிடும். ஆனால் வெளியே வந்த கால்சியம் தானாகத் திரும்பாது. பம்பு போல வேலை செய்யும் புரதங்கள் அதை உள்ளே தள்ளியாக வேண்டும்; இரண்டு கால்சியம் அயனிக்கு ஒரு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகும். அதோடு முடியவில்லை. ஆக்டினைப் பிடித்த மயோசின் தலை அதை விடுவதற்கும் புதிதாக ஓர் ஏடிபி வந்து ஒட்ட வேண்டும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதனால்தான். ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடித்த பிடி விடவில்லை. பிறகு புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் விறைப்பு போகும். உயிர் இருப்பதால்தான் தசை தளர்கிறது என்றே சொல்லலாம்.

கையை மடக்குவது பைசெப்ஸ். நீட்டுவதும் அதுவேதானா?

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. நீட்டுவது பின்பக்கத்து ட்ரைசெப்ஸ். மேல்கையைப் பிடித்துக்கொண்டு மேசையை உள்ளங்கையால் கீழே அழுத்திப் பாருங்கள், பின்பக்கம்தான் இறுகும்.

மலையிறங்கிய மறுநாள் தொடை வலிக்கிறது. லாக்டிக் அமிலம்தான் காரணம் என்கிறார்களே?

அதன் மேல் வீண்பழி. ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரம் போல லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) பழைய அளவுக்கு இறங்கிவிடும். இந்த வலியோ ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். இறங்கும்போது தொடைத்தசை இழுத்துக்கொண்டே நீள்கிறது. பழக்கமில்லாதவர்களுக்கு அதில் நுண்ணிய சேதம் ஏற்படும். அடுத்த முறை இவ்வளவு வலிக்காது.

ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

முழங்காலை நேராக வைத்து, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து உங்கள் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பெரும்பாலும் சற்று நேரத்தில் விட்டுவிடும். அடிக்கடி வந்தாலோ, காலில் வீக்கம் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள், சில மருந்துகளாலும் இப்படி வரும்.