சாவோ பாவ்லோவின் பழைய எல்பிக்கு 28,000 ரூபாயா? பொறுங்கள்

கேள்வி: அஸ் மெர்செனாரியாஸ் என்ற பிரேசில் பெண்கள் குழுவின் பாட்டு ஒன்றை நண்பர் அனுப்பினார். அதிலிருந்து 1980-களின் பிரேசில் போஸ்ட்-பங்க் இசை (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த வகை) மீது பித்தாகிவிட்டேன். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவர் ‘நாவோ சாவோ பாவ்லோ’ என்ற தொகுப்பு எல்பியை, 1985-இன் ஒரிஜினல், சீல் பிரிக்காதது என்று சொல்லி 28,000 ரூபாய் கேட்கிறார். பாதியை முன்பணமாக அனுப்ப வேண்டுமாம். வாங்கலாமா? இல்லை, வெளிநாட்டு நிறுவனங்கள் பின்னால் வெளியிட்ட தொகுப்புகளே போதுமா? (கோவை வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். முன்பணமும் அனுப்ப வேண்டாம். 2005-இல் வந்த தொகுப்புகளில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அது போதுமா என்றால், தொடங்குவதற்குப் போதும். அதோடு நின்றுவிட்டால் போதாது.

2005-இல் இரண்டு தொகுப்புகள் வந்தன. லண்டனின் சோல் ஜாஸ் நிறுவனம் ‘தி செக்ஸுவல் லைஃப் ஆஃப் தி சாவேஜஸ்’ என்பதை வெளியிட்டது. தொகுத்தவர்கள் ப்ருனோ வெர்னர், எலியெட்டி மெஜொராடோ. டெட்டினி என்ற பெயரில் தாங்களே இசை செய்யும் பிரேசில்காரர்கள். பெர்லினின் மான் ரெக்கார்டிங்ஸ் ‘நாவோ வேவ்’ என்பதை வெளியிட்டது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வட்டத்தைச் சுற்றி வருபவை. உங்களுக்கு மெர்செனாரியாஸ் பிடித்திருப்பதால் முதலாவதை எடுங்கள். அதில் அவர்களோடு ஃபெல்லினி, ஸ்மாக், அகிரா எஸ், பட்டிஃபி பேண்ட் எல்லாரும் இருக்கிறார்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். உங்களுக்குக் காட்டப்பட்ட ‘நாவோ சாவோ பாவ்லோ’ 1985-இல் பிரேசிலிலேயே வந்த எல்பி. ‘நாவோ வேவ்’ இருபது ஆண்டு கழித்து ஜெர்மனியில் வந்தது. இரண்டும் வேறு. அதேபோல் மெர்செனாரியாஸின் பாடல்களை மட்டும் திரட்டி சோல் ஜாஸ் 2005-இலேயே ‘ஓ கொமேசோ தோ ஃபிம் தோ முண்டோ’ என்று ஒரு ஆல்பம் போட்டது. அதே பெயரில் 1982 நவம்பரில் சாவோ பாவ்லோவின் செஸ்க் பொம்பேயா அரங்கில் ஒரு பங்க் விழா நடந்தது. அந்த விழாவின் நேரடிப் பதிவும் அதே பெயரில் தட்டாக வந்திருக்கிறது. உறுமும் பங்க் குழுக்கள் நிறைந்த அந்தத் தட்டை மெர்செனாரியாஸ் என்று நினைத்து வாங்கிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. அட்டைப் பெயரை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள். பாடல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் இன்ஸ்டாகிராம் ஆசாமி. சீல் பிரிக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறார். நாற்பது வருடப் பழைய தட்டில் அதுதான் என்னை முதலில் சந்தேகப்பட வைக்கிறது. பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கி மறுபடி ஒட்டும் கருவி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. பிரிக்காத தட்டைப் பார்க்கவும் முடியாது, ஊசி வைத்துக் கேட்கவும் முடியாது. உள்ளே இருப்பது வளைந்த தட்டா, வேறு தட்டா என்று பணம் கொடுத்த பிறகுதான் தெரியும். அப்போது அவர் பதில் அனுப்ப மாட்டார். அட்டையில் பிரேசில் தட்டுகளுக்கே உரிய ‘டிஸ்கோ ஏ குல்ட்டுரா’ (இசைத்தட்டும் பண்பாடே) என்ற வரி இருப்பதைக் காட்டி நம்பச் சொல்வார்கள். அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்தால் அந்த வரியும் கூடவே வந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடம் வேறு. பாட்டு முடிந்ததும் ஊசி சும்மா சுற்றுகிற வெற்று வளையம் இருக்கிறதல்லவா, அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அந்தப் பகுதியை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கவும் இடம் தரும் டிஸ்காக்ஸ் தளத்தில் அதே தட்டின் பதிவில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சீல் பிரிக்காமல் இதைச் செய்ய முடியாது என்பார். அப்படியென்றால் விற்கவும் முடியாது, அவ்வளவுதான். டிஸ்காக்ஸில் அதிகாரபூர்வமற்றது என்று குறித்த தட்டுகளை விற்க விடுவதில்லை. அங்கே நிற்க முடியாத சரக்குதான் இப்படிச் சமூக ஊடகப் பக்கங்களுக்கு ஓடி வருகிறது. இன்னொன்று: தட்டு வியாபாரத்தில் ‘குட்’ என்று தரம் போட்டிருந்தால் நல்ல தட்டு என்று பொருளில்லை. கரகரவென்று ஓடும் தட்டு அது. ‘விஜி பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) தரத்துக்குக் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். கடல் கடந்து வந்தால் விலையோடு சுங்கவரியும் தபால் செலவும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இவ்வளவு கோபம் எதற்கென்றால், அந்த 28,000 ரூபாயில் ஒரு காசும் அந்த இசைக்குழுக்களுக்குப் போகாது. அவர்கள் எல்லாரும் அன்றைக்கே பணம் பார்க்காதவர்கள். சாவோ பாவ்லோ நகர மையத்தில் கலேரியா தோ ராக் என்ற பல மாடிக் கடைத்தொகுதி இருக்கிறது. அதில் லூயிஸ் கலாங்கா 1978-இல் பராத்தோஸ் அஃபின்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். அதற்கு முன் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத குழுக்களின் தட்டுகளை அந்தக் கடையின் பெயரிலேயே அவர் வெளியிட்டார். ஃபெல்லினியின் முதல் ஆல்பம் 1985, மெர்செனாரியாஸின் ‘கதே அஸ் அர்மாஸ்’ 1986, ஸ்மாக், வொலுண்டாரியோஸ் தா பாட்ரியா, நீங்கள் கேட்கும் ‘நாவோ சாவோ பாவ்லோ’ எல்லாமே அந்தக் கடையின் முத்திரைதான். அதே 1985-இல் ராக் இன் ரியோ விழா நடந்தது, ராணுவ ஆட்சி முடிந்தது, ராக் இசையில் காசு இருக்கிறது என்று பெரிய நிறுவனங்களுக்குத் தெரிந்தது. ரேடியோவில் ஓடக்கூடியவர்களை அள்ளினார்கள். இவர்களில் சிலரையும் எடுத்தார்கள். மெர்செனாரியாஸின் இரண்டாவது ஆல்பம் ‘ட்ராஷ்லேண்ட்’ 1988-இல் ஈஎம்ஐ வெளியிட்டது. அதோடு சரி.

ஸ்ட்ரீமிங்கில் ஏன் கிடைக்கவில்லை என்ற உங்கள் ஆதங்கத்துக்கும் பதில் இங்கேதான். ஒரு பாட்டை ஏற்ற வேண்டுமென்றால் ஒலிப்பதிவு யாருடையது, பாட்டின் உரிமை யாருடையது என்று இரண்டு கையெழுத்து வேண்டும். குழு கலைந்து முப்பது வருடமான பிறகு அந்தக் கையெழுத்துகளை யார் அலைந்து வாங்குவது? பெரிய நிறுவனம் கையில் இருந்தால் இன்னும் மோசம். ஈஎம்ஐ-யின் இசைப் பிரிவை 2012-இல் யுனிவர்சல் வாங்கியது. இப்படி ஒரு நிறுவனம் இன்னொன்றை விழுங்கும்போதெல்லாம் விற்காத ஆல்பங்கள் பட்டியலின் அடியில் போய்ச் சேர்கின்றன. தாங்களும் வெளியிடுவதில்லை, கேட்கிறவனுக்கும் எளிதில் தருவதில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் ஆசாமி கடை விரிக்கிறார்.

பாட்டு இருந்தும் கண்ணில் படாமல் போகிற கொடுமையும் உண்டு. ஃபெல்லினி என்று தேடினால் இத்தாலிய இயக்குநரின் படங்களுக்கான இசை வரிசையாக வந்து நிற்கும். ஸ்மாக், சான்ஸ், மியூஸாக், ஹாரி, இவையெல்லாம் குழுக்களின் பெயர்கள். தேடுபொறிக்கு வெறும் ஆங்கிலச் சொற்கள். குழுவின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஆல்பத்தின் பெயரை போர்த்துகீசிய எழுத்துக்கூட்டில் முழுதாகப் போட்டுத் தேடுங்கள். அதற்கும் தொகுப்போடு வரும் விவரத் தாள், அதாவது உள்தாள்தான் உதவும்.

அந்த உள்தாளுக்காகவே தொகுப்பை வாங்கச் சொல்கிறேன். பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் யார் யாருக்கு என்ன உறவு என்று தேடுவதுபோல, வாசித்தவர்களின் பெயர்களைப் படியுங்கள். மெர்செனாரியாஸில் பாஸ் கிடார் வாசித்தவர் சாண்ட்ரா கூட்டின்யோ. ஸ்மாக்கிலும் அவரேதான். மெர்செனாரியாஸின் தொடக்கத்தில் டிரம்ஸ் அடித்த எட்கார்ட் ஸ்கண்டூரா, ஸ்மாக்கில் கிடார். பிறகு பிரேசில் முழுக்கத் தெரிந்த இரா! குழுவின் கிடார்காரர். ஸ்மாக்கில் டிரம்ஸ் அடித்த தாமஸ் பப்பான் ஃபெல்லினியிலும் இருந்தார், வொலுண்டாரியோஸிலும் இருந்தார். உங்கள் நண்பர் அனுப்பிய அந்த ஒரே பாட்டிலிருந்து கூட்டின்யோவின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே நான்கைந்து ஆல்பங்கள் கைக்கு வந்துவிடும். இந்த இசையில் பாஸ்தான் முன்னால் நிற்கும், கிடார் ஓரத்தில் கீறிக்கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பின்தொடர்தல் காதுக்கும் எளிது.

தொகுப்புகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. லண்டன் தொகுப்பு சாவோ பாவ்லோவை மட்டும் எடுத்துக்கொண்டது. அதைத் துணைத் தலைப்பிலேயே நேர்மையாகச் சொல்லியும் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டவர்கள் பிரேசில் போஸ்ட்-பங்க் என்றாலே ஆட வைக்கும் பாஸ், வெட்டி வெட்டி வரும் கிடார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஐரோப்பியக் காதுக்கு ஏற்கெனவே பழகிய ஓசை அது. சொரோகாபா ஊரின் வ்ஸியாடோக் மோ குழு 1988-இல் வெளியிட்ட ‘ஓ ஆப்பிஸி’ போன்ற இருண்ட, முரட்டுத்தனமான ஆல்பத்தைக் கேட்டால் அந்த முடிவு நிற்காது.

பழைய ஒரிஜினல் எதையும் வாங்காதீர்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்வேன். ஒரே ஒரு விலக்கு, அதையும் விளக்கிவிடுகிறேன். 1985-இல் தலைநகர் பிரசீலியாவில் ‘ருமோரெஸ்’ என்று ஒரு தொகுப்பு வந்தது. வெளியிட்டது செபோ தோ டிஸ்கோ. இதுவும் ஒரு கடைதான். நான்கு குழுக்கள்: ஃபினிஸ் ஆஃப்ரிக்கே, டெட்ரிட்டோ ஃபெடரல், எலிட்டி சொஃபிஸ்ட்டிகாடா, எஸ்கோலா ஜி எஸ்காண்டலு. முதல் இரண்டு குழுக்களும் பிறகு பெரிய நிறுவனங்களில் தனி ஆல்பம் போட்டன. அவர்களுக்காக இந்தத் தட்டைத் தேட வேண்டியதில்லை. எஸ்கோலா ஜி எஸ்காண்டலு அப்படியில்லை. அந்த ஊரின் மிகச் சிறந்த குழு என்று பலர் சொல்லும் அவர்கள், இயங்கிய காலத்தில் தனி ஆல்பமே வெளியிடவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் பதிந்து தட்டாக வந்தவை இந்தத் தொகுப்பில் உள்ள பாடல்கள்தான். லெஜியாவோ உர்பானா, பிளெபி ரூடி என்று பிரசீலியாவின் மற்ற குழுக்கள் நாடு முழுக்கப் போனபோது இவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இப்படித் தொகுப்பே மூல ஆவணமாக இருக்கும் இடத்தில், நேர்மையான விலையில், வளையத்தின் எண்ணைச் சரிபார்த்து, பொருள் கைக்கு வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் வழியில் ஒரிஜினலை வாங்குவது நியாயம். ‘நாவோ சாவோ பாவ்லோ’வும் அப்படித்தானே என்று நீங்கள் வாதாடலாம். அதில் உள்ள அகிரா எஸ், சான்ஸ், மியூஸாக் ஆகியோரை 2005 தொகுப்பிலேயே கேட்டுவிடலாம். மிச்சத்துக்காக 28,000 கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். சோல் ஜாஸ் தொகுப்பை வாங்குங்கள். அடுத்தது மெர்செனாரியாஸின் 2005 ஆல்பம். அதன்பின் ஃபெல்லினியை வரிசையாகக் கேளுங்கள்: 1985-இன் ‘ஓ அதேயூஸ் ஜி ஃபெல்லினி’யில் ஐரோப்பியச் சாயல் தூக்கலாக இருக்கும், 1987-இன் ‘த்ரேஸ் லுகாரெஸ் டிஃபெரெண்டெஸ்’ வரும்போது சம்பா உள்ளே வந்திருக்கும். அவர்களுடைய பாட்டுக்காரர் கதாவோ வோல்பாட்டோ இணைந்து எழுதிய ‘க்ரியான்சா ஜி தொமிங்கோ’வை ரெசிஃபே நகரின் சிக்கோ சயின்ஸும் அவருடைய நசாவோ ஸும்பி குழுவும் 1996-இல் ‘அஃப்ரோசிபெர்டெலியா’ ஆல்பத்தில் பாடினார்கள். அதையும் தேடிக் கேளுங்கள். மறுவெளியீடு வாங்கும்போது, அதை வெளியிட்ட நிறுவனமும் உரிமைக் குறிப்பும் பின்னட்டையில் தெளிவாக அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்ஸ்டாகிராம் ஆசாமிக்கு இன்றே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: வளையத்தின் படம் வராமல் பணம் வராது.