மடங்க மறுக்கும் விண்வெளி உடை

கேள்வி: விண்வெளி வீரர்களின் உடை ஏன் அவ்வளவு விறைப்பாக இருக்கிறது? மெல்லிய துணியில் தைத்தால் கை, கால் சுலபமாக மடங்காதா?
– வாசகர், திருச்சி

பதில்: விறைப்புக்கு முதல் காரணம் துணியல்ல, உள்ளே அடைத்திருக்கும் காற்று. நீள பலூன் ஒன்றை ஊதிக் கட்டி, நடுவில் மடக்கிப் பாருங்கள். ரப்பர் எவ்வளவு மெல்லியது! ஆனாலும் கையை எடுத்ததும் துள்ளி நிமிர்ந்துவிடும். மடக்கிய இடத்தில் கொள்ளளவு குறைகிறது; காற்று விடுவதில்லை.

விண்வெளி நிலையத்தில் நாசா வீரர்கள் அணியும் உடைக்குள் 29.6 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கையுறைக்குள் நகம் கழன்றவர்களும் உண்டு.

அழுத்தத்தைக் குறைக்கலாமே என்றால், 1965 மார்ச் 18-இல், உலகின் முதல் விண்வெளி நடையில், சோவியத் வீரர் லியோனவ் அதைத்தான் செய்தார். உடை உப்பி, விரல்கள் கையுறையிலிருந்து பின்வாங்கிவிட, காற்றை வெளியேற்றித்தான் கலத்துக்குள் திரும்பினார். அது ஆபத்துக்குச் செய்த காரியம். அழுத்தம் இறங்க இறங்க, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகும். 29.6-க்கு இறங்கவே, முன்கூட்டி மணிக்கணக்கில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

எனவே பொறியாளர்கள் மூட்டுகளில் கைவைத்தார்கள். இளநீர்க் கடையில் தரும் வளையும் ஸ்ட்ராவின் மடிப்பைக் கவனியுங்கள்: ஒரு பக்கம் சுருங்க, மறுபக்கம் விரிகிறது, கொள்ளளவு ஏறக்குறைய மாறாது. முழங்கை, முழங்காலில் இதே உத்திதான். வெறும் மடிப்பு மட்டும் இருந்தால் காற்று அதை நீளவாக்கில் இழுத்துவிடும். அதனால் இருபுறமும் நீளாத நாடா தைக்கிறார்கள். தோள், மணிக்கட்டு சுழல பேரிங். இங்கேதான் சிக்கல்: பேரிங் கூடக்கூட எடையும் கூடும். நன்றாக வளையும் உடை இலகுவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: காற்றே இல்லாமல், உடலை இறுக்கிப் பிடிக்கும் உடை சாத்தியமா?
– வாசகி, மதுரை

பதில்: தலைக்குக் காற்று வேண்டும்; உடம்புக்கு அழுத்தம் இருந்தால் போதும். அமெரிக்க மருத்துவர் பால் வெப் 1960-களின் கடைசியிலேயே எலாஸ்டிக் துணி அடுக்குகளால் இதைச் செய்து பார்த்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தாவா நியூமன் குழு இதே வழியில் 'பயோசூட்' உடையை வடிவமைத்தது. கிழிந்தால் அந்த இடம் மட்டும் வீங்கும், மொத்தக் காற்றும் போய்விடாது. வியர்வையும் துணி வழியே ஆவியாகும்.

தொல்லை உடம்பின் குழிகளில் இருக்கிறது. இழுத்துக் கட்டிய துணி குவிந்த இடத்தைத்தான் அழுத்தும். உள்ளங்கை, அக்குள், முழங்காலின் பின்புறத்தில் பாலம்போல மேலோடு நின்றுவிடும். அங்கே திரவம் தேங்கி வீங்கும். திண்டு வைத்து நிரப்பித்தான் சமாளிக்க வேண்டும்.

அடுத்தது, அவ்வளவு இறுக்கமானதை மாட்டுவது எப்படி? தளர்வாக அணிந்துகொண்டு, பிறகு சுருக்குவதற்கு நிக்கல்-டைட்டானியம் கம்பிச்சுருளை 2014-இல் எம்.ஐ.டி. காட்டியது. சூடேற்றினால் சுருங்கும். ஆறினால் பிடி தளரும். வேலை முடியும்வரை சூட்டிலேயே வைத்தால் உடம்பு தாங்காது, பேட்டரியும் தாங்காது. சுருங்கிய இடத்தில் பூட்டிக்கொள்ளும் கொக்கி தேவை.