ஊரில் உள்ள முதல் உலகப் போர் நினைவுக் கல்லோடு, பிற்காலத்தில் உயிர்நீத்த படைவீரர்களின் பெயர்களையும் சேர்ப்பது எப்படி?

பஞ்சாயத்து இடத்தில் 1914–1919 பெரும் போர்க் கல் ஒன்று நிற்கிறது, சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்நீத்த ஊர்க்காரர்களுக்கு எதுவும் இல்லை, பழைய கல்லிலேயே பெயர் வெட்டலாமா, புதிதாக வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய கல்லில் உளி படக்கூடாது. அந்தக் காலத்துக் கற்கள் பலவற்றில் பெயர்களே கிடையாது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி, அவ்வளவுதான். வேலூர் மணிக்கூண்டில் 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர்நீத்ததாகவும் இருப்பது இந்த வகைதான். எண்ணிக்கை மட்டும் சொல்லும் கல்லின் அடியில் பத்துப் பெயரை வெட்டினால், அந்தப் பத்துப் பேரும் 1914 போருக்குப் போனவர்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நூறு வயதான சலவைக்கல்லின் மேல்தோல் மழையில் அரித்துச் சர்க்கரை போல உதிரும் நிலையில் இருக்கும் என்பது இன்னொரு காரணம். புது வெட்டின் ஓரம் நிற்காது.

தில்லியிலும் இப்படித்தான் செய்தார்கள். 1931-இல் முடிந்த இந்தியா கேட்டில் முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்த 13,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. 1971 போருக்குப் பிறகு அதன் வளைவுக்குக் கீழே அமர் ஜவான் ஜோதி வந்தது, ஆனால் அந்தப் போரில் இறந்தவர்களின் பெயர்களை வளைவில் வெட்டவில்லை. அந்தப் பெயர்களுக்கென்று பக்கத்திலேயே தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்டது.

விதியை எழுதிவிட்டுக் கல்லைத் தேடுங்கள்

இந்த வேலைகள் பெரும்பாலும் கல்லில் நிற்பதில்லை, பட்டியலில் நின்றுபோகின்றன. யாருடைய பெயர் வரும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு பெயரைக்கூடப் பேசுவதற்கு முன்பே கிராம சபையில் தீர்மானமாக்கிவிடுங்கள். பெயர்கள் மேசைக்கு வந்த பிறகு விதி எழுதினால் அது ஒரு குடும்பத்துக்கு எதிரான விதியாகத்தான் பார்க்கப்படும்.

அந்தப் பக்கத்தில் பதில் இருக்க வேண்டிய கேள்விகள் சில. இந்த ஊரில் பிறந்தவரா, சேரும்போது இங்கே முகவரி கொடுத்தவரா, பெண் எடுத்த ஊர் என்றாலும் சரியா? எதிரியின் குண்டில் இறந்தவர் மட்டுமா, பனிச்சரிவு, வாகன விபத்து, மாரடைப்பு என்று பணியில் இருக்கும்போது இறந்தவருமா? ராணுவமே போர் இழப்பு, பிற இழப்பு என்று இரண்டாகப் பிரித்துத்தான் பதிவு செய்கிறது. சியாச்சினில் சரிவில் புதைந்தவரையும் விடுப்பில் வந்தபோது பைக்கில் விழுந்தவரையும் ஊர் ஒரே கண்ணால் பார்க்குமா என்பது ஊர்தான் முடிவு செய்ய வேண்டியது. அப்புறம் சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை. இவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. 2019 பிப்ரவரி 14-இல் புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப்.காரர்கள், அதில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். ‘ராணுவத்தினர்’ என்று மட்டும் விதியில் எழுதிவிட்டு அப்படி ஒருவரைப் பின்னால் சேர்க்க முடியாமல் விழிப்பதைவிட, ‘முப்படையினரும் மத்திய ஆயுதப்படையினரும்’ என்று முதலிலேயே எழுதுவது மேல். இலங்கையில் 1987–90 அமைதிப்படையில் போனவர்களைப் பற்றித் தமிழ்நாட்டு ஊர்களில் இரண்டு குரல் எழும். அது எந்தப் போர் என்பதை விட்டுவிட்டு, பணியில் இறந்தாரா என்பதை மட்டும் விதி கேட்கட்டும்.

உயிரோடு இருக்கும் முன்னாள் படைவீரர்கள் தங்கள் பெயரும் வேண்டும் என்பார்கள். நியாயமான ஆசைதான், ஆனால் கல்லில் வேண்டாம். பழைய கல் செய்ததைப் போல ‘1947 முதல் இவ்வூரிலிருந்து படைகளில் பணியாற்றியோர்’ என்று ஒரு வரியும் எண்ணிக்கையும் போதும். எண்ணிக்கை மாறும் என்பதால் அந்த எண்ணை மட்டும் கழற்றி மாட்டக்கூடிய எஃகுத் தகட்டில் வையுங்கள். பெயர்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும்.

காணாமல் போனவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் கடலடியில் அடையாளம் காணப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. இப்படிப்பட்டவருக்கு மறைந்த நாளையே எழுதுங்கள், அறிவிப்பு வந்த நாளை அல்ல.

பெயர்களைச் சரிபார்த்தல்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். படை எண், பதவி, பிரிவு, இறந்த நாள் நான்கும் காகிதத்தில் வர வேண்டும். அங்கே இல்லையென்றால் அந்தந்த ரெஜிமென்ட்டின் ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். பழைய கல்லில் எண்ணாக மட்டும் இருப்பவர்களின் பெயரைத் தேட, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளம் உதவும். இந்திய வீரர்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா வரை அதில் இருக்கும். ஆனால் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்களுக்கு மட்டும்தான் அது. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும், நாலைந்து விதமாக அடித்துப் பாருங்கள்.

பணிப் பதிவேட்டில் உள்ள பெயரும் வீட்டில் சொல்லும் பெயரும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இனிஷியல் மாறியிருக்கும், சாதிப் பின்னொட்டு ஒட்டியிருக்கும். கல்லில் வரப்போகும் அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டு, நெருங்கிய உறவினரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே வெட்டக் கொடுங்கள். வாய்வார்த்தை, வாட்ஸ்அப் செய்தி இரண்டும் இங்கே செல்லாது.

வரிசையும் காலி இடமும்

இறந்த நாள் வரிசைதான் ஒரே சரியான வரிசை. அகர வரிசையில் வைத்தால் முதல் புதுப் பெயரிலேயே உடைந்துவிடும், பதவி வரிசை தேவையில்லாத மனவருத்தம். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர் (அந்தக் கறுப்புக் கல் நம் பெங்களூருப் பக்கத்திலிருந்து போனது) நாள் வரிசையில்தான் இருக்கிறது. 1982-இல் 57,939 பெயர்களோடு திறந்தார்கள், இன்று 58,000-ஐத் தாண்டிவிட்டது. பின்னால் சேரும் பெயரை அந்த நாளுக்கு அருகில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வெட்டுகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் சிறிய குறி உண்டு. வைரக் குறி என்றால் மரணம் உறுதி, சிலுவைக் குறி என்றால் காணாமல் போனவர். உடல் அடையாளம் தெரிந்ததும் சிலுவையின் மேலேயே வைரத்தை வெட்டிவிடுகிறார்கள். பின்னால் திருத்தம் வரும் என்று முன்பே யோசித்து வைத்த ஏற்பாடு.

வரியின் கடைசியிலும் இடம் விடுங்கள். கல்வானில் 2020 ஜூனில் உயிர்நீத்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது 2021 குடியரசு தினத்தின்போது. பெயரை வெட்டிய பிறகு விருது வரும், வரி நிரம்பியிருந்தால் எங்கே எழுதுவது? தலைப்பில் முடிவு ஆண்டும் போடாதீர்கள். ‘1947 முதல்’ என்பதோடு நிறுத்துங்கள்.

பெரிய பலகையில் பாதியை வெறுமையாக விட்டால், அடுத்த சாவுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார்களே என்று வீட்டுப் பெண்கள் மனம் நோவார்கள். இப்போது பணியில் பிள்ளை இருக்கும் வீடுகள் முக்கியமாக. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 2007-இல் திறந்த ஆயுதப்படை நினைவகத்தில் 16,000-க்கும் மேற்பட்ட பெயர்களும் இன்னும் 15,000 பெயர்களுக்கு இடமும் உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நம் ஊரில் அது எடுபடாது.

அதனால் நான் சொல்வது தனித்தனிக் கல் பட்டைகள். 900 மி.மீ. அகலம், 90 உயரம், 30 கனம், ஒரு பட்டைக்கு ஒரு பெயர். எடை சுமார் 7 கிலோ. தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரத்திலும் ஒவ்வொரு பெயரும் தனிக் கல்லில்தான் இருக்கிறது. பிழை என்றால் ஒரு கல்லைத்தான் மாற்ற வேண்டும். 1965-இல் இறந்தவர் ஒருவர் பின்னால் தெரியவந்தால் மற்றவற்றை ஒரு படி கீழே இறக்கிவிட்டு அவரை உரிய இடத்தில் வைக்கலாம். ஒரே பலகையில் இது முடியவே முடியாது. 900-க்கு 600 பலகை சுமார் 49 கிலோ வரும், தலைப்பும் ஓரமும் போக ஒன்பது வரிதான் கொள்ளும், அதில் ஒரு எழுத்து தவறினாலும் முழுப் பலகையும் போச்சு.

கல், எழுத்து

மெருகிட்ட கறுப்பு கிரானைட்டே நல்லது. மெருகை வெட்டி இறங்கும் எழுத்து வெளிறித் தெரியும் என்பதால் பெயின்ட் தேவையில்லை. தங்க பெயின்ட் அடிக்கிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். சில மழைக்காலத்தில் உரிந்து, அடிக்காத கல்லைவிட மோசமாகத் தெரியும். எழுத்தின் ஆழம் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கல்லை மொத்தமாக ஒரே லாட்டில் வாங்கி, இப்போதைய பெயர்களுக்கு மேல் ஐந்தாறு வெற்றுப் பட்டைகளைப் பஞ்சாயத்து அறையில் போட்டு வையுங்கள். பத்து வருஷம் கழித்து அதே குவாரியில் வாங்கினாலும் நிறம் ஒத்துப்போகாது. காலி இடப் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது.

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிடப் பெரிய அளவு வேண்டும். 25 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால் ண, ஞ, இ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் சிறு கல், எழுத்தை வெட்ட காற்றழுத்தத்தில் மணல் வீசும்போது பெயர்ந்துவிடும், சுழி குழியாகிவிடும். புள்ளியின் விட்டம் கோட்டின் தடிப்பைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தூரத்தில் மறையும். மெல்லிய அலங்கார எழுத்துருக்கள் ஆகாது.

அதிகம் தவறுவது இன்னொரு இடத்தில். ஸ்டென்சில் (மணல் வீசும்போது கல்லின் மேல் ஒட்டும் எழுத்து அச்சுத்தாள்) வெட்டும் மென்பொருள் பழையதாக இருந்தால் யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும், ‘கொ’ மூன்றாக உடையும். பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தட்டச்சு செய்யும்போது ‘ள’ ‘ல’ ஆகும். எழுத்தாக அனுப்பாமல், எழுத்தின் வடிவத்தையே வளைகோடுகளாக (கர்வ்ஸ்) மாற்றிய பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள். பிறகு ஸ்டென்சில் ஒட்டியதும், மணல் வீசுவதற்கு முன், குடும்பம் கையெழுத்திட்ட தாளோடு ஒருவர் நேரில் போய் ஒப்பிட வேண்டும்.

நிறுத்துவது

இடம் யாருடையது என்று புல எண்ணைப் பாருங்கள். சாலைப் புறம்போக்கு என்றால் சிக்கல். பொதுச் சாலை, நடைபாதை இடங்களில் சிலைக்கும் கட்டுமானத்துக்கும் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சிலை ஆசையை அதோடு விட்டுவிடலாம். அருகில் தொல்லியல் துறையின் மத்தியப் பாதுகாப்புச் சின்னம் இருந்தால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான்.

புது மேடை பழையதைத் தொடக்கூடாது. பழையது எப்போதோ அமர்ந்து முடிந்தது, புதியது இனிமேல்தான் அமரும். ஒட்டிக் கட்டினால் விரிசல் பழைய கல்லில்தான் விழும். குறைந்தது ஒரு அடி இடைவெளி விடுங்கள். கரிசல் மண் என்றால் அடித்தளத்துக்குப் பொறியாளர் இல்லாமல் இறங்காதீர்கள், கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது. பழைய மேடை சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால் சிமென்ட் பூசி ‘அழகுபடுத்த’ விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உப்பு கல் வழியாகப் பூக்கும்.

பட்டைகளை சிமென்ட்டில் ஒட்டுவது வேண்டாம். இரண்டு கல் தூண்களுக்கு நடுவே 316 தர ஸ்டெயின்லெஸ் எஃகுச் சட்டம். ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் இரண்டு துளை, 18 மி.மீ. ஆழம், அதில் எபாக்சி பசையில் ஊன்றிய 6 மி.மீ. 316 மரைத்தண்டு, பின்பக்கம் நட். சுத்தியல் விசை இல்லாமல், தண்ணீர் விட்டுத் துளையிட வேண்டும், இல்லாவிட்டால் முன்முகம் பொரிந்துவிடும். சாதா இரும்பு ஒரு ஆணிகூட வேண்டாம், துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். பட்டைகளுக்கு நடுவே 6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், மழைநீர் அதன் வழியே வடிந்து போகும். முகம் வடக்கோ கிழக்கோ பார்க்கட்டும். மேற்கு பார்த்த மெருகுக் கல் மாலையில் கண்ணைக் கூசும், கையும் வைக்க முடியாது.

மாலை போட ஒரு கம்பியும், விளக்கு வைக்க ஒரு மீட்டர் தள்ளி ஒரு சிறு கல்லும் வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் மாலைக் கம்பி எழுத்தில் மாட்டும், எண்ணெய் கல்லில் வழியும். பழைய சலவைக்கல்லில் மஞ்சளும் குங்குமமும் பட்டால் ஊறி உள்ளே போய்விடும், ஆசிட் ஊற்றினால் கல்லே போய்விடும். தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும்.

ஒப்பந்தத்தில் மூன்றைச் சேருங்கள். எழுத்துக் கணக்கில் கூலி என்றால் ‘கொ’ ஒன்றா மூன்றா என்பது. வெட்டிய பிறகு வளைகோட்டுக் கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் பஞ்சாயத்திடம் கொடுக்க வேண்டும் என்பது. கடைசிப் பத்து சதவீதப் பணம் ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்து, நட்டுகளை ஒருமுறை சரிபார்த்த பிறகே என்பது.