நாற்பது நூல்களும் ஓர் ஏரியும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பேராசிரியர் ஒருவரை எல்லா மேடையிலும் ‘நாற்பது நூல்கள் எழுதியவர்’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். ஏரியில் மண்ணைக் கொட்டி மனை போடுகிறார்கள். இவர் வாயே திறக்கவில்லை. பேராசிரியர்களுக்குப் பொதுவாழ்வில் பங்கே கிடையாதா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஏரி கொஞ்சம் பொறுக்கட்டும். அந்த நாற்பதில் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருப்பேன். மதிப்புரைக்கு என்று இரண்டிரண்டு பிரதிகளாக இங்கேதான் வந்து குவிகின்றன.

போன வாரம் ஒன்றைப் பிரித்தேன். மொத்தம் 96 பக்கம். முதலில் துணைவேந்தர் வாழ்த்துரை. அடுத்து தாளாளர் வாழ்த்துரை, முதல்வர் வாழ்த்துரை (கல்லூரி முதல்வர்தான், பதறாதீர்கள்), துறைத்தலைவர் பாராட்டுரை, நெறியாளர் அணிந்துரை, பதிப்பாளர் உரை. அப்புறம் ‘என்னுரை’. அதில் மேற்படி ஆறு பேருக்கும் நன்றி, மெய்ப்புத் திருத்திய மாணவிக்கு நன்றி, ‘பொறுமை காத்த’ மனைவிக்கு நன்றி. ஒருவழியாக 31-ஆம் பக்கத்தில் நூல் தொடங்கி 84-இல் முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்களில் ஆசிரியரின் பிற நூல்கள் பட்டியல். ஆறாவது வரியில் இந்த நூலின் பெயரும் இருந்தது. மெய்ப்புத் திருத்திய மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை பாவம்.

இதெல்லாம் யாருக்காக அச்சாகிறது? 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு, பதவி உயர்வுக்குப் புள்ளிக்கணக்கு கொண்டுவந்தது. நூலுக்கு இத்தனை, கட்டுரைக்கு இத்தனை. நூல் என்றால் ஐஎஸ்பிஎன் எண் (நூலுக்கான அடையாள எண்) இருக்க வேண்டும். அந்த எண்ணோ நம் நாட்டில் இலவசம். கேட்க வேண்டுமா? கருத்தரங்கம் நடத்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலி, கட்டுரைகளைத் தலையணை கனத்துக்கு ஒரு கோவையாக அச்சிடு. 2018-இல் அதே குழு, தான் அங்கீகரித்த ஆய்விதழ்ப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் வேறு பட்டியல் போட்டார்கள், அதையும் கைவிட்டுவிட்டார்கள். பட்டியல்தான் மாறிக்கொண்டிருக்கிறது, வசூல் அப்படியே நடக்கிறது.

இந்தப் பக்கத்தை வாடிக்கையாகப் படிப்பவர்களுக்கு அடுத்து நான் எங்கே போவேன் என்று தெரியும். ஆம், சொல்லடைவு! எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று நூலின் கடைசியில் தரும் பட்டியல். நாற்பது நூல் எழுதியவர் ஒன்றின் பின்னாலாவது சொல்லடைவு சேர்த்திருப்பாரா? இதைக் கேட்டு முன்பு ஒரு மதிப்புரையில் நான்கு வரி எழுதினேன். நூலாசிரியர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ‘முழுக்கப் படிக்கிறவனுக்கு அடைவு எதற்கு?’ என்று மட்டும் ஒரு அஞ்சலட்டை போட்டார். உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டே, 1887-இல் சீவக சிந்தாமணியை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சா.வுக்கும் முழுக்கப் படிக்கத் தெரியும். அவருடைய பதிப்புகளின் கடைசியைப் புரட்டிப் பாருங்கள், அருஞ்சொற்களை அகரவரிசையில் அடுக்கிய அரும்பத அகராதி இருக்கும். கணினி இல்லாத காலத்தில், உட்கார்ந்து கையால் எழுதியது.

சரி, பொதுவாழ்வு. 1891-இல் மனோன்மணீயம் என்ற நாடகத்தை எழுதிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். அதிலுள்ள தமிழ்த்தாய் வாழ்த்துக்குத்தான் இன்று அமைச்சர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஆனால் இன்றைய கணக்கில் அவருக்குப் புள்ளி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். துறை வேறு! மதுரையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த சி. இலக்குவனார் 1965 இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போனார், வேலையும் போயிற்று. பேராசிரியர் மு. வரதராசனை, அதாவது மு.வ.வை, யாரும் மறியலில் பார்த்ததில்லை. ஆனால் கல்லூரி வாசலை மிதிக்காதவர் சட்டைப்பையிலும் அவருடைய திருக்குறள் தெளிவுரை இருந்தது. அதுவும் பொதுவாழ்வுதான், என்னைக் கேட்டால் முதல் தரமானது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவரே அல்லர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். 1969-இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கி, நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்து, ஒரு ஆய்வாளர் கூட்டத்தையே உருவாக்கினார். ஊர் அவரைப் பேராசிரியர் என்றது. எந்தக் குழுவும் புள்ளி போட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் ஊர்க்காரர் ஏன் பேசவில்லை என்றால், முதலில் அவர் நிரந்தரப் பணியாளரா என்று விசாரியுங்கள். இன்று நம் அரசுக் கல்லூரிகளில் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். தொகுப்பூதியம், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே நிச்சயமில்லை. ‘கௌரவ’ என்று பெயர் வைத்தவர் நல்ல நகைச்சுவைக்காரர். அவர்களிடம் போய் ஏரிக்காக ஏன் கொடி பிடிக்கவில்லை என்று கேட்க எனக்கு நா எழாது. எழுத்தாளர் பெருமாள்முருகன் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தபோதுதான் 2015-இல் ஒரு நாவலுக்காக அவரை ஊரைவிட்டே போகும்படி செய்தார்கள். மறு ஆண்டு உயர்நீதிமன்றம் ‘எழுதட்டும்’ என்று சொன்ன பிறகே மூச்சு வந்தது. பயப்படுகிறவர்களுக்கும் காரணம் இருக்கிறது.

ஆனால் நிரந்தரப் பணி, 60 வயது வரை சம்பளம், நாற்பது நூல், மேடைக்கு மேடை பொன்னாடை, அப்படியும் ஏரி கண்ணில் படவில்லை என்றால், நாற்பத்தொன்றாவதை ஏரியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பரப்பு எவ்வளவு, எந்த வாய்க்காலில் நீர் வந்தது, எந்த ஆண்டில் யார் பட்டா போட்டார்கள் என்று வருவாய்த் துறை ஆவணத்தைப் பார்த்து எழுதட்டும். 96 பக்கம் போதும். வாழ்த்துரைக்கு யாரும் வர மாட்டார்கள், எனவே காகிதமும் மிச்சம். மதிப்புரை நானே எழுதுகிறேன், அடைவு இருந்தால்.