பெக்கோ டிரெயிலில் 26 நாள்: கேட்டவர்களுக்குப் பதில்

நானும் என் கூட்டாளியும் மாசி தொடக்கத்தில் ஹந்தானையில் கால் வைத்து, பங்குனி பிறக்கும் முன் நுவரெலியாவில் முடித்தோம். 26 நாள். நடந்தது 22, மிச்சம் 4 நாள் படுத்துக் கிடந்தது. நான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கொழும்பில் ஒரு கணக்கு வேலையை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கும் முன் கிடைத்த இடைவெளி அது. அவள் பண்டாரவளையில் தையல் கடை வைத்திருக்கிறாள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: இது என்ன பாதை? ஒரே மூச்சில் நடந்தே ஆக வேண்டுமா?

300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டம். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி கலஹா, லூல்கந்துரா, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று போய், மலைத்தொடரைத் தாண்டி அப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கம் இறங்கி, உடப்புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்குத் திரும்பி வரும். பெரும்பாலும் யாரும் புதிதாக வெட்டிய பாதை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை ஏற்றிப் போன வண்டிப் பாதை, தோட்டத்துக் குறுக்கு, ரயில் ரோட்டு ஓரம் எல்லாவற்றையும் கோர்த்து எடுத்தது. கோர்த்தவர் மிகேல் குனாட். லூல்கந்துராவில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அங்கே நடக்கும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் நாள், கால் கொப்புளத்தைத் தவிர வேறு நினைப்பில்லை.

ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடலாம். கட்டம் முடியும் இடங்கள் பலவற்றில் பஸ் உண்டு. ஆனால் ஞாயிறு நடந்து திங்கள் வேலைக்குப் போகிறவருக்கும், 15ஆம் நாள் அதே ஈரமான மேசு, அதாவது காலுறை, மறுபடி மாட்டுகிறவருக்கும் கிடைப்பது ஒன்றில்லை. எது மேல் என்று நான் சொல்லமாட்டேன்.

பதுளையிலிருந்து பல்கலைக்கழக மாணவி: நானும் என் பெஸ்ட் ஃபிரெண்டும் போகப் போறோம் அக்கா. சண்டை வருமா?

வரும் தங்கச்சி. எங்களுக்கு நாலாம் நாளே வந்தது.

நான் வேகமாக நடப்பேன். அவள் ஆற அமர வருவாள். அதனால் நான் முன்னால் போய் ஒரு மதகில் உட்கார்ந்து காத்திருப்பேன், அவள் வந்ததும் எழுந்து கிளம்புவேன். மூன்று நாள் இதை ஒரு பெரிய தயவு போலச் செய்துகொண்டிருந்தேன். பூண்டுலோயாவுக்கு இறங்கும் வழியில் அவள் பையைக் கீழே போட்டாள். "நீ உக்காந்து உக்காந்து போற. நான் வந்தா எந்திரிக்கிற. எனக்கு எப்பதான் ரெஸ்ட்டு?" என்றாள். கணக்குப் பார்த்தால் உண்மை. அந்த மூன்று நாளும் நான் மணிக்கொரு தடவை ஓய்வெடுத்திருக்கிறேன், அவள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அன்றைக்கு மிச்சத் தூரம் முழுக்கப் பேசாமல் நடந்தோம். மறுநாளிலிருந்து அவள் முன்னால், நான் பின்னால். நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் பத்து நிமிஷம் உட்காருவோம். கடைசி வரைக்கும் அதை மாற்றவில்லை.

அடுத்தது காசு. பொதுப் பை ஒன்று வைத்து இரண்டு பேரும் சமமாகப் போட்டோம். எனக்குக் கடைக்குக் கடை வடை வேண்டும். அவளுக்கு இனிப்பு. யார் கூடத் தின்றார்கள் என்ற கணக்கு மனதுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது, கணக்கு வேலை பார்த்தவளுக்குச் சொல்லவா வேண்டும்? அப்புத்தளையில் ஒரு கொப்பி வாங்கினோம். சோறும் படுக்கையும் பொது, வாய்க்கு ருசியாகத் தின்பது அவரவர் காசு. எழுதி வைத்ததும் மனதுக்குள் ஓடியது நின்றது.

இன்னொன்று. பத்தாம் நாளோடு கதை எல்லாம் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துக் கதை, வீட்டுக் கதை, அவளுக்கு வந்த வரன் நின்று போன கதை, எல்லாம் தீர்ந்து, ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவளுக்கு முடிவு தெரியும். அப்போது பயந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் "மேசு காஞ்சிருச்சா?", "தண்ணி இருக்கா?", "முன்னுக்கு வழுக்குது, பாத்து" இவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் அந்த நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: ஒரு நாள் எப்படிப் போகும்? எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்?

ஐந்துக்கு. அதனால்தான் எனக்குப் 'பெரட்டு' என்று பட்டப்பெயர் விழுந்தது. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. அவளுக்குக் 'கூட்ஸ்'. சாமான் கோச்சி (சரக்கு ரயில்) மாதிரி நிறையச் சுமந்து மெதுவாக வருவதால். அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில் நடப்பவர்கள் இப்படிப் பாதைப் பெயர் வைத்துக்கொள்வதை ஒரு வழக்கமாகவே சொல்வார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது, அதனால் எங்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

எழுந்ததும் சாயத்தண்ணி (பால் இல்லாத தேத்தண்ணி), உள்ளங்கையில் சீனி. தங்கின வீட்டில் ரொட்டியும் சம்பலும் கட்டித் தரச் சொல்லி, ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம். அந்த நேரத்தில் பனி கால் விரலைக் கடிக்கும், ஆனால் வெயில் ஏறுமுன் ஏற்றத்தை முடித்துவிட வேண்டும். ஒன்பதரைக்கு ரொட்டி. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களும் ஏறக்குறைய அதே நேரத்தில் தேத்தண்ணிக்கு உட்காருவார்கள். கூப்பிட்டால் போய் உட்காருங்கள். எங்கள் ரொட்டியை அவர்களும் அவர்கள் ரொட்டியை நாங்களும் தின்ற நாட்கள் உண்டு.

ஒரு மணி, மிஞ்சினால் இரண்டுக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் குறுக்கு இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா தெரியாது. சேர்ந்ததும் முதல் வேலை மேசுகளைத் துவைப்பது, குளிப்பது அதற்குப் பிறகுதான். காயாத மேசுகளை இரவு வயிற்றில் வைத்துப் படுத்தால் காலையில் போடலாம், அருவருப்புப் பார்க்கக்கூடாது. ராத்திரி சோறு, பருப்பு, கருவாடு. எட்டு மணிக்குக் கண் தானாக மூடும்.

திருகோணமலை: எந்த மாதம் நல்லது?

மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு காலநிலை. அட்டன், பொகவந்தலாவைப் பக்கம் வைகாசியிலிருந்து தென்மேல் பருவமழை கொட்டும். அதே நேரம் பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும், ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது அந்தக் காற்றில்தான். மார்கழி, தை ஊவாப் பக்கம் மழை. முழுப் பாதையையும் ஒரே தடவையில் நடக்க மாசி, பங்குனிதான் இரண்டு பக்கத்துக்கும் ஒத்து வரும்.

மழை பிடித்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு நடக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலை எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பல பேர்: அட்டை, குளவி, சிறுத்தை?

அட்டைக்குக் கூட்ஸ் நெருக்கமான பருத்தித் துணியில் முழங்கால் வரைக்கும் மேசு தைத்து வந்தாள், அதற்கு மேல் சவர்க்காரம் தேய்த்தோம். கடித்தாலும் ஒன்றும் ஆகாது. குளவி அப்படியில்லை, தோட்டத்தில் ஆளையே கொல்லும். கூடு பார்த்தால் கத்தாமல், கல் எறியாமல் வந்த வழியே திரும்புங்கள். கொட்டு அதிகமானால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சிறுத்தையை நாங்கள் பார்க்கவில்லை. இருட்டில் நடக்காமல் இருந்தால் நீங்களும் பெரும்பாலும் பார்க்கமாட்டீர்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு தங்கச்சி: கக்கூஸ், மாதவிடாய் இதெல்லாம்?

வீடுகளில் கேளுங்கள். ஒரு லயத்திலும் எங்களை மறுக்கவில்லை. எனக்கு நடுவில் வந்தது. ஒரு நாள் படுத்தேன், மறுநாள் பாதித் தூரம். கூட்ஸ் என் பையில் இருந்த அரிசியைச் சொல்லாமல் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். ராத்திரி பார்த்துத்தான் தெரியும். பாவித்த பேடைப் பாதையில் போடாதீர்கள், பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டு போங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு அம்மா: எனக்கு 58 வயது, பிள்ளை. நடக்கலாமோ?

நடக்கலாம் அம்மா. 1955இல் எம்மா கேட்வுட் என்ற பாட்டி தனியாக அப்பலாச்சியன் டிரெயில் முழுவதையும் நடந்தார். 3,000 கிலோமீற்றருக்கு மேல். அப்போது அவருக்கு வயது 67, காலில் துணிச் சப்பாத்து, தோளில் தானே தைத்த பை. நீங்கள் முதலில் வீட்டுப் பக்கம் தினம் ஆறு கிலோமீற்றர் ஒரு மாதம் நடங்கள். இறக்கத்தில்தான் முழங்கால் பேசும், அதனால் ஒரு கம்பு எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் உதவும்.

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி: எங்க அம்மா முப்பது வருஷம் இந்த மலையில கூடையோட ஏறி இறங்கினா. அவ நடந்ததுக்கு யாரும் டிரெயில்னு பேர் வைக்கல. அங்கயே போய் பொழுதுபோக்குக்கு நடக்க உங்களுக்கு வெக்கமா இல்லையா அக்கா?

இருந்தது தம்பி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு அக்கா "யாரு வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை என்றேன். "அப்ப சும்மாவா நடக்குறீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சிரித்து வைத்தேன்.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவதான். கொட்டகலையிலிருந்து நோர்வூட் கட்டத்துக்கு அவவும் எங்களோடு வந்தா. ரப்பர் செருப்பு, தலையில் துவாய். எங்கள் இரண்டு பேரையும் விட வேகம். நாங்கள் நின்று காட்சி பார்த்த இடத்தில் அவ செடியைப் பார்த்தா. "கவாத்து சரியில்ல", "இந்த மலைய இப்படிக் காடாக்கிட்டானுங்களே" என்று வழி முழுக்கத் திட்டு. ஒரு வளைவில் நின்று, அடுத்த தோட்டத்து ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, காட்டி, "இத்தன வருஷமா அந்தச் சங்குச் சத்தம் கேட்டிருக்கேன், எடத்தப் பாத்ததில்ல" என்றா. நாலைந்து கிலோமீற்றர்தான் தூரம். அவவுக்குக் கூடை இல்லாமல் நடக்க ஒரு நாள் கிடைத்ததில்லை.

இந்த மலைகளுக்கு நம் ஆட்கள் வந்ததே நடந்துதான். இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கினால் மாத்தளை வரைக்கும் காடு. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ. அந்த வழியில்தான் 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்து, மலையக மக்களின் 200 வருஷத்தை நினைத்து நடந்தார்கள். நாங்கள் செய்ததை அதோடு சேர்த்துப் பேச எனக்கு வாய் வராது. எங்களுக்கு வேண்டாம் என்றால் பஸ் இருந்தது.

செய்ய முடிந்தது சின்னதுதான். டவுன் ஹோட்டலை விட்டு லயத்துக் கடையில் சாப்பிட்டோம். கொழுந்து எடுப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் இடம் கொடுத்தால் ஒரு கட்டம் கூட்டிப் போங்கள். வெட்கம் போகாது, ஆனால் வேறு மாதிரி ஆகும்.

மட்டக்களப்பு: முடிந்த பிறகும் அதே நட்பு இருக்கிறதா? கடைசி நேரத்தில் கூட்டாளி வரவில்லை என்றால் தனியாகப் போகலாமா?

நுவரெலியாவில் முடித்த அன்று கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்தேன். மழை. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு ரோல்ஸ் தின்றோம், அவளுடைய பஸ் முதலில் வந்தது, ஏறிவிட்டாள். பிறகு இரண்டு மாதம் சரியாகப் பேசவே இல்லை. எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. சித்திரை முடிந்து ஒரு பார்சல் வந்தது. புது அட்டை மேசு இரண்டு சோடி, கூடவே அந்தக் கொப்பி. கடைசிப் பக்கத்தில் ரோல்ஸ் காசை என் பெயரில் எழுதியிருந்தாள்.

தனியாகப் போகலாம், பகல் நேரமாக, அன்றன்றைக்கு எங்கே தங்குவீர்கள் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு. டயகம தாண்டி மேலே ஏறி அப்புத்தளைப் பக்கம் இறங்கும் இடத்துக்கு மட்டும் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே காடு, குளிர், லயம் குறைவு. கொட்டகலையில் சாயத்தண்ணி வேண்டுமென்றால் அம்மா வீட்டில்தான் இருப்பா.