விளக்கு எரியும் கீபோர்டு வாங்கினால் என்ன லாபம், என்ன நஷ்டம்?

விசைகளுக்கு அடியில் சின்ன எல்இடி விளக்குகள் வைத்த கீபோர்டைத்தான் பேக்லிட் கீபோர்டு என்கிறோம். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒளி புகும். மற்ற இடமெல்லாம் பூச்சு மறைத்துவிடும். உள்ளே டியூப் லைட் எரியும் கடைப் பெயர்ப் பலகை மாதிரிதான்.

அறை விளக்கை அணைத்த பிறகும் எழுத்து தெரியும் என்பதுதான் லாபம். பார்க்காமலே தட்டச்சு செய்பவருக்குக்கூட எண், குறியீடு, பாஸ்வேர்டு என்று வரும்போது இது பெரிய உதவி.

நஷ்டம் பெரும்பாலும் பேட்டரியில். எந்த விசையை அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்ல மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். விளக்குக்கோ எரியும் நேரமெல்லாம் வேண்டும். லாஜிடெக் எம்எக்ஸ் கீஸ் என்ற வயர்லெஸ் கீபோர்டு விளக்கோடு 10 நாள், விளக்கை அணைத்தால் 5 மாதம் வரை ஓடும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! வயர் வைத்ததில் இந்தக் கவலை இல்லை. அப்புறம், வெள்ளி நிற விசைகளில் பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிந்தால் எழுத்து மங்கலாகத் தெரியும், அப்போது அணைத்துவிடுங்கள்.

இது இருந்தால் இருட்டில் கண் வலிக்காது என்று பலர் நம்புகிறார்கள். இது எழுத்தைக் காட்டும், அவ்வளவுதான், கண்ணைக் கூசவைப்பது திரை, அதைத் தவிர்க்க அறையில் ஒரு விளக்கு எரிய வேண்டும்.