கைக்குழந்தையின் சுபாவமும் பற்றும்: திருகோணமலைப் பெற்றோருக்குச் சில பதில்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: மிஸ், மூத்தவன் ஏணையில் போட்டதும் உறங்கிவிடுவான். நான்கு மாதமான மகளோ மிக்சி ஓடினாலும் குளிப்பாட்டினாலும் வீறிட்டு அழுகிறாள். நான் தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டேன் என்கிறார் மாமி. உண்மையா?

இல்லை. ஒரே தாயின் பிள்ளைகள் வெவ்வேறு சுபாவத்துடன் பிறப்பது இயல்பு. அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர்கள் 1956இல் நியூயோர்க்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் அவதானித்த குழந்தைகளில், ஏறத்தாழ 40 சதவீதத்தினர் எளிதில் இசைபவர்களாகவும், 15 சதவீதத்தினர் மெல்லப் பழகுபவர்களாகவும், 10 சதவீதத்தினர் எதற்கும் பலமாக அழுது, உறக்கமும் பசியும் ஒழுங்குக்கு வராதவர்களாகவும் இருந்தார்கள். எஞ்சியோர் எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை. உங்கள் மகள் மூன்றாவது வகையாக இருக்கலாம். அது உங்கள் வளர்ப்பின் குறை அல்ல.

அழும்போது தூக்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்ற பேச்சு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. சில்வியா பெல், மேரி எயின்ஸ்வர்த் இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள் ஒரு வயதை நெருங்கியபோது குறைவாகவே அழுதார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இம்முடிவை ஏற்கவில்லை என்றாலும், நான்கு மாதக் குழந்தையைத் தூக்கி ஆற்றுவது தீங்கு என்று அவை காட்டவுமில்லை. மிக்சியைப் போடுமுன் அவளை விறாந்தைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது உடம்பில் மெல்லிய துணியைச் சுற்றியபடியே, முதலில் பாதத்தில் இளஞ்சூட்டு நீரை வார்த்து, அவள் கால் விரல்கள் இறுக்கம் தளர்ந்து விரிந்த பிறகு மேலே வாருங்கள். பால் குடிக்க மறுத்தாலோ காய்ச்சல் இருந்தாலோ, சுபாவம் என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை: கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தேன். பத்து மாத மகன் என்னைக் கண்டதும் அலறுகிறான். தினமும் வீடியோவில் பார்த்தவன்தானே?

உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் அவன் உங்களை வெறுக்கவில்லை. ஆறு முதல் எட்டு மாதமளவில் பழகியவரையும் அந்நியரையும் பிரித்தறியும் ஆற்றல் வளர்வதால்தான் இந்த அச்சம் வருகிறது. திரையில் கண்ட முகத்துக்கு மணமோ தொடுகையோ இல்லை. கையை நீட்டி வாங்காதீர்கள். அவன் உம்மாவின் மடியில் இருக்க, நீங்கள் பாயில் சற்றுத் தள்ளி அமர்ந்து அவளுடன் பேசுங்கள். அவனே வந்து உங்கள் கைக்கடிகாரத்தைப் பிடிக்கட்டும்.

பாலையூற்றிலிருந்து ஓர் ஆசிரியை: பிரசவ விடுமுறை முடிகிறது. அம்மம்மாவிடம் விட்டால் மகள் என்னை மறந்துவிடுவாளா?

மறக்கமாட்டாள். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஆராய்ந்து ஷாஃபர், எமர்சன் இருவரும் 1964இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பற்றுக் கொண்டிருந்தன. அதிக நேரம் கூட இருந்தவரைவிட, தங்கள் குறிப்பறிந்து பதில் தந்தவரையே நாடின. எனவே அம்மம்மாவின் பாசம் உங்கள் பங்கைக் குறைக்காது. வேலைக்குப் போகுமுன்பே அம்மம்மா பால் புகட்டவும் உறங்கவைக்கவும் பழகட்டும். மகள் வளர்ந்தபின் நீங்கள் புறப்படும்போது அழுதாலும், பார்க்காத நேரம் நழுவிப் போகாமல், சொல்லிவிட்டே புறப்படுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஓர் அப்பம்மா: மகளே, பதின்மூன்று மாதப் பேரன் ஆதிகோணேசர் கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு நடுங்குகிறான். கண்ணூறா?

அவன் மெல்லப் பழகும் பிள்ளையாக இருக்கலாம், அம்மா. கூட்டம் சேருமுன் கூட்டிச்சென்று, மேளத்திலிருந்து தள்ளி உங்கள் தோளிலேயே வைத்திருங்கள். அவன் தலையைத் திருப்பி எட்டிப் பார்க்கத் தொடங்கினால் சிறிது முன்னே போகலாம், மீண்டும் முகத்தைப் புதைத்தால் அன்றைக்கு அது போதும்.